அச்சத்தை நிரூபித்தல்: புகலிட விண்ணப்பம் என்னும் பிரதி

1

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் மத்தியில் 'கேஸ்' என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. கோர்ட்டு வழக்கு மட்டுமல்ல அது. ஓர் ஆள் ஊரை விட்டு வந்த காரணம், அந்தக் காரணத்தைச் சொல்லும் கதை, கதையை எழுதிய தாள், அந்தத் தாளை நம்பி அரசு தரப்போகும் விசா – இத்தனையும் சேர்ந்ததுதான் கேஸ். 'உன்ரை கேஸ் என்ன?' என்று ஒருவர் கேட்டால் 'உன் கதை என்ன?' என்றுதான் பொருள். ஒரு வாழ்க்கை ஒரு கோப்பாக மாறும் இடத்தை இந்த ஒற்றைச் சொல் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

வெளிநாட்டில் சட்டப்படி தங்குவதற்கு விண்ணப்பிப்பது என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது கம்ப்யூட்டர் வேலை, மேல்படிப்பு, கல்யாணம். அவற்றிலும் படிவங்கள் உண்டு, அலைச்சல் உண்டு. ஆனால் அங்கே பதில்கள் பெரும்பாலும் சான்றிதழாகவும் எண்ணாகவும் இருக்கின்றன: சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, மதிப்பெண். புகலிடம் கேட்டுப் போகிறவரிடம் இவை எதுவும் இருப்பதில்லை. அவரிடம் இருப்பது ஒரு கதைதான். அந்தக் கதை நம்பப்பட்டால் வதிவிட உரிமை, நம்பப்படாவிட்டால் விமானம்.

தமிழ் எம்.ஏ. படித்த ஆள் என்பதால் சில ஆண்டுகளாக நண்பர்கள் சிலர் தங்கள் வாக்குமூலங்களையும் நேர்முக விசாரணைப் பதிவுகளையும் எனக்கு அனுப்பி, 'இந்தச் சொல்லுக்கு நம்ம மொழியில என்ன அர்த்தம்னு ஒரு கடிதம் எழுதித் தா' என்று கேட்கிறார்கள். அப்படிப் படிக்கப் படிக்க, இது வக்கீல்களோடு முடிந்துபோகிற விவகாரமாக எனக்குத் தோன்றவில்லை. இது ஒரு கதையாடல். இதற்கு இலக்கண நூல் உண்டு, உரையாசிரியர்கள் உண்டு, ஏற்கப்படும் மெய்ப்பாடுகளும் நிராகரிக்கப்படும் மெய்ப்பாடுகளும் உண்டு. அந்த இலக்கணம் தெரியாமல் உண்மையைச் சொல்கிறவர் பொய்யர் என்று பதிவாகிறார். இந்த ஒன்றைத்தான் இங்கே விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். உதாரணத்துக்குப் பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன். அந்நாட்டின் புகலிடச் சட்டத்தில் முக்கியமான சில முடிச்சுகள் ஈழத்தமிழர் வழக்குகளில்தான் விழுந்திருக்கின்றன.

2

மூல நூல் 1951இல் ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் ஒப்பந்தம். இரண்டாம் உலகப் போரில் சிதறிய ஐரோப்பியர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. 1951 ஜனவரி 1க்கு முன் நடந்த நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டும் என்று அதில் இருந்த கால எல்லையை 1967ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தம் நீக்கியது. அதன்பிறகே இது மூன்றாம் உலக மனிதர்களுக்கும் ஒரு கதவாயிற்று.

அந்த ஒப்பந்தத்தின்படி அகதி என்பவர் யார்? தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். துன்புறுத்தப்படுவோம் என்ற, தக்க ஆதாரமுள்ள அச்சம் இருக்க வேண்டும். துன்புறுத்தலுக்கான காரணம் இந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும்: இனம், மதம், தேசிய அடையாளம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. சொந்த அரசின் பாதுகாப்பைப் பெற முடியாதவராகவோ, அச்சத்தால் பெற விரும்பாதவராகவோ இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். யுத்தம் இல்லை. பசி இல்லை. 'ஷெல் விழுந்து வீடு போச்சு, பிள்ளை போச்சு' என்பது மட்டும் இந்தச் சட்டகத்தில் காரணமாகாது. ஷெல் எல்லார் தலையிலும்தானே விழுகிறது என்பார்கள். அத்தகையவர்களுக்கு வேறு வகைப் பாதுகாப்புகள் இருக்கலாம்; அகதி என்ற பெயர் மட்டும் கிடைக்காது. இரண்டாவதாக, காலம். நடந்து முடிந்த கொடுமைக்கு ஈடாகத் தரப்படுவதல்ல புகலிடம். திருப்பி அனுப்பினால் இனி என்ன நடக்கும் என்பதே கேள்வி. கடந்தகாலம் முழுவதும் எதிர்காலத்துக்கான சாட்சியாக மட்டுமே மதிப்புப் பெறுகிறது. செத்துப்போன தம்பிக்காக அழுகிறவர் இந்தப் படிவத்தில் அழ முடியாது. தம்பியின் சாவால் தனக்கு நாளை என்ன ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டும். மனித மனம் துக்கத்தைக் கதையாக்கும் முறையே வேறு. படிவம் கேட்கும் முறை வேறு.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஞாபகம் வராமல் போகாது. எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்று அச்சம். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் வகுக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. நான்காவதைக் கவனியுங்கள். தன்னை ஆள்கிறவனே அச்சத்துக்கு மூலமாவான் என்பதை இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறார். ஜெனீவாவின் ஐந்தும் பெரும்பாலும் இந்த 'இறை' என்ற ஒன்றுக்குள் அடங்கக்கூடியவைதான். இரண்டு நூல்களும் அச்சத்துக்கு மூலம் தேடுகின்றன. இரண்டும் அதை எண்ணிக்கைக்குள் அடைக்கின்றன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

3

அச்சம் யாருக்குத் தெரிய வேண்டியது? பயப்படுகிறவருக்கா, பார்க்கிறவருக்கா?

இந்தக் கேள்வி 1987இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்குப் போனது. அன்று அதுதான் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம். கொண்டு போனவை ஆறு ஈழத்தமிழர்களின் வழக்குகள். கீழே இருந்த மேன்முறையீட்டு நீதிமன்றம், ஓரளவு மனத்துணிவுள்ள சாதாரண மனிதர் அந்த நிலையில் நியாயமாகப் பயப்படுவாரா என்று பார்த்தால் போதும் என்றிருந்தது. பிரபுக்கள் சபை டிசம்பர் 16 அன்று அதை மாற்றியது. விண்ணப்பதாரர் மனதில் இருக்கும் பயம் போதாது; அந்தப் பயத்துக்குப் புறநிலையான அடிப்படை இருக்கிறதா என்பதை உள்துறை அமைச்சர் தன்னிடமுள்ள தகவல்களைக் கொண்டு தீர்மானிப்பார்; துன்புறுத்தல் நடப்பதற்கு 'நியாயமான அளவு சாத்தியம்' இருக்க வேண்டும் என்றது. இது குற்றவியல் வழக்கில் கேட்கப்படும் நிரூபணத்தைவிட மிகக் குறைந்த அளவு என்பது உண்மை. ஆனால் அச்சத்தின் உரிமையாளர் மாறிவிட்டார். பயப்படுகிறவரின் உடம்புக்குள் இருந்த அச்சம் அமைச்சரின் மேசைக் கோப்புக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

அடுத்து நடந்தது என்ன? 1988 பிப்ரவரியில் அவர்கள் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அன்றைய நடைமுறைப்படி, நாட்டை விட்டுப் போன பிறகுதான் மேன்முறையீடு செய்ய முடியும். 1989 மார்ச்சில் அந்த மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி அவர்களுக்குப் புகலிடம் தந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதே ஆண்டு அவர்கள் திரும்பி வர அனுமதிக்கப்பட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் சிலர் அங்கே பிடிக்கப்பட்டு அடிபட்டிருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1991 அக்டோபர் 30 தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அவர்களுக்கு இப்படி நடக்கும் என்று அமைச்சர் முன்கூட்டியே அறியும்படியான தனித்த அடையாளம் எதுவும் அவர்கள் விஷயத்தில் இல்லை என்றது நீதிமன்றம்.

'தனித்த அடையாளம்' – இங்கேதான் இந்தக் கதையாடலின் உயிர்நிலை இருக்கிறது. ஓர் இனம் முழுவதும் தேடப்படும்போது, 'எல்லாரையும் போலத்தான் எனக்கும் பயம்' என்று சொல்வது உண்மை. ஆனால் உண்மையாக இருப்பதாலேயே அது தோற்கிறது. கதாநாயகனாக இருந்தால்தான் அகதி. கூட்டத்தில் ஒருவன் அகதியல்ல. நாவலில் தனிமனிதனைக் கட்டியெழுப்பிய அதே மேற்கத்திய நவீனத்துவம் இங்கே படிவத்தில் தனிமனிதனைக் கேட்கிறது. நம்மாட்களோ 'நாங்கள்' என்றுதான் தொடங்குவார்கள்: 'எங்களைச் சுத்தி வளைச்சாங்கள், எங்கட பெடியளைக் கொண்டு போனாங்கள்.' படிவம் திரும்பக் கேட்கும்: சரி, உனக்கு என்ன நடந்தது?

4

தனித்த அடையாளங்களைத் தேடித் தேடிக் கடைசியில் சட்டமே ஒரு பட்டியல் போட்டது. 2007இல் பிரிட்டிஷ் குடிவரவுத் தீர்ப்பாயம் 'எல்.பி.' என்ற பெயர் மறைத்த வழக்கில், கொழும்புக்குத் திரும்பும் தமிழருக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய 12 காரணிகளை எண்ணிச் சொன்னது. தமிழராக இருத்தல், புலிகளோடு தொடர்பு எனச் சந்தேகிக்கப்பட்ட பழைய பதிவு, குற்றப் பதிவு அல்லது பிடியாணை, பிணையை மீறியது அல்லது காவலிலிருந்து தப்பியது, ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டது, தகவல் சொல்லும்படி பாதுகாப்புப் படை கேட்டது, உடம்பில் தழும்பு, லண்டன் போல இயக்கத்துக்கு நிதி சேரும் ஊரிலிருந்து திரும்புவது, சட்டவிரோதமாக நாட்டை விட்டு வெளியேறியது, அடையாள அட்டை இல்லாமை, வெளிநாட்டில் புகலிடம் கேட்டது, இயக்கத்தில் உறவினர் இருப்பது. இவற்றைத் தனித்தனியாகவும் மொத்தமாகவும் எடைபோட வேண்டும், இது ஒரு சரிபார்ப்புப் பட்டியல் அல்ல என்றும் தீர்ப்பாயம் எச்சரித்தது. யுத்தம் முடிந்த பிறகு 2013லும் 2021லும் புதிய வழிகாட்டுத் தீர்ப்புகள் வந்து இந்தச் சட்டகத்தை மாற்றிவிட்டன.

ஆனால் பட்டியல் என்று ஒன்று அச்சில் வந்துவிட்டால் அது செய்யுளியலாகிவிடும். பன்னிரண்டு உறுப்பு கேட்டால் பன்னிரண்டு உறுப்போடுதான் பாட்டு வரும். அப்புறம் அதிகாரிகள் சலித்துக்கொள்வார்கள்: 'எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கிறதே.' இதற்கு இரண்டு பதில்கள். ஒன்று, அச்சு நீங்கள் செய்தது. இரண்டு, அடித்த இயந்திரம் ஒன்றாக இருந்தால் விழுந்த தடம் ஒன்றாகத்தான் இருக்கும். மாதிரி ஒன்றாக இருப்பது பொய்க்கு அடையாளமாகலாம். ஒரே அரசு இயந்திரத்துக்கும் அடையாளமாகலாம். எது என்று தெரிந்துகொள்ள வேண்டியது வாசிப்பவரின் வேலை.

தழும்பின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னதை நம்பாதபோது உடம்பைக் காட்டச் சொல்கிறார்கள். மெய் படு பொருள் என்பதன் நேரடி அர்த்தம்! சித்திரவதைக் காயங்களை மருத்துவர் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 1999இல் உருவான இஸ்தான்புல் வழிகாட்டி ஐந்து படிகளை வைத்திருக்கிறது: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இத்தகைய காயத்துக்கே உரிய தோற்றம், வேறு எதனாலும் வந்திருக்க முடியாதது. 'கே.வி.' என்று அறியப்படும் வழக்கில் ஓர் ஈழத்தமிழரின் முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியின் தழும்புகள். கையிலுள்ளவை விளிம்பு கலங்கியவை, முதுகிலுள்ளவை விளிம்பு தெளிவானவை. சுயநினைவு இழந்த உடம்பு அசையாது, அதனால் கோடு நேராக விழும் என்பது விளக்கம். தீர்ப்பாயம் இதையே திருப்பிப் படித்தது: புகலிடக் கேஸுக்காக இவரே வேறொருவரை வைத்துத் தனக்குச் சூடு போட்டுக்கொண்டிருக்கலாம். இதற்குச் சட்டத்தில் ஒரு பெயரும் இருக்கிறது: பதிலாள் மூலம் தனக்குத்தானே காயம் ஏற்படுத்திக்கொள்ளுதல். 2019 மார்ச் 6 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அப்படிச் செய்துகொள்கிறவர்கள் மிக அரிதாகவே இருப்பார்கள். இலங்கையில் அரசுப் படைகள் சித்திரவதை செய்ததற்கோ பரவலான சாட்சியம் இருக்கிறது என்பது நீதிமன்றத்தின் பார்வை.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அந்த மனிதர் பிரிட்டனுக்கு வந்தது 2011இல். தன் முதுகு தன் முதுகுதான் என்று நிரூபிக்க எட்டு வருஷம்.

2022இல் ஒரு புதிய சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 28 முதல் புகலிடம் கேட்கிறவர் உண்மையிலேயே பயப்படுகிறாரா என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும். அதுவும் 'நியாயமான அளவு சாத்தியம்' என்ற பழைய குறைந்த அளவில் அல்ல, 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே சாத்தியம் அதிகம்' என்ற உயர்ந்த அளவில். பயத்தைத் தராசில் வைத்து முள் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள்.

5

இனி மொழிக்கு வருவோம். பிரிட்டனில் முதலில் ஒரு சிறிய விசாரணை: பெயர், குடும்பம், வந்த பாதை, காரணம் சுருக்கமாக. பிறகு நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ வருஷக் கணக்கிலோ காத்திருப்பு. அதன்பின் விரிவான நேர்முகம். கேள்விகள் நூற்றைத் தாண்டிப் போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். முதலில் 'சுருக்கமாகச் சொல்' என்றவர்களே, சுருக்கத்தில் விட்டுப்போனதைப் பிறகு 'முரண்பாடு' என்பார்கள். நான் பார்த்த பதிவுகளில் (எந்த நாடு, யாருடையது என்பது வேண்டாம்) முரண்பாடு என்று குறிக்கப்பட்டவற்றில் பாதிக்கு மேல் தமிழின் இலக்கணமாகத்தான் எனக்குப் பட்டது.

ஒன்று, உறவு. 'உடன்பிறந்தவர்கள் எத்தனை?' 'தங்கச்சி ஒராள்.' பத்துப் பக்கம் தாண்டி: 'அண்ணாவை ஆமி பிடிச்சது.' அதிகாரி எழுதுகிறார்: அண்ணன் இருப்பதை முதலில் மறைத்தார். பெரியப்பா மகனை நாம் என்னவென்று கூப்பிடுவோம்? மொழிபெயர்ப்பாளர் 'அண்ணா' என்பதை ஒற்றை ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிட்டுப் போய்விடுகிறார், மாட்டிக்கொள்கிறவர் சொன்னவர்.

இரண்டு, காலம். சனங்கள் தேதியால் நினைவு வைப்பதில்லை. 'இந்தியன் ஆமி நிண்ட காலம்', 'பெரிய இடப்பெயர்வுக்கு முதல்', 'சமாதான காலம்', 'கோயில் கொடியேறி அடுத்த கிழமை' – இதுதான் வடக்கின் நாட்காட்டி. இவை தெளிவற்றவை அல்ல. முதலாவது 1987 ஜூலைக்கும் 1990 மார்ச்சுக்கும் இடையில். இரண்டாவது 1995 அக்டோபர் கடைசி. மூன்றாவது 2002 போர்நிறுத்தத்தில் தொடங்குவது. ஒரு சமூகத்துக்கே பொதுவான காலக்கணக்கு இது. ஆனால் படிவத்தில் நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டங்கள். கட்டத்தை நிரப்பும் அவசரத்தில் ஏதோ ஒரு தேதி விழுகிறது. அடுத்த தடவை வேறு தேதி. கேஸ் பிழைத்துப் போகிறது.

மூன்று, எழுவாய். இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்.' யார்? வாக்கியத்தில் இல்லை. வினைமுற்றின் வாலில் ஒரு பன்மை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராணுவமா, இயக்கமா, ராணுவத்தோடு சேர்ந்து வேலை செய்த குழுவா? கேட்பவர் ஊர்க்காரர் என்றால் அவருக்குத் தெரியும். ஊர்க்காரர் இல்லையென்றால் சொல்லக் கூடாது. பல வருஷம் துப்பாக்கிகளுக்கு நடுவில் வாழ்ந்த சனங்கள் எழுவாயை விழுங்கப் பழகியிருக்கிறார்கள். அச்சம் இங்கே உள்ளடக்கத்தில் இல்லை, தொடரமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு வேண்டியதோ எழுவாய்: துன்புறுத்தியது யார், அரசு பாதுகாக்குமா இல்லையா. எழுவாய் இல்லாத வாக்கியத்தை அது 'தெளிவற்ற பதில்' என்கிறது. எந்தப் பயத்தால் அவர் எழுவாயை விட்டாரோ, அந்தப் பயம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சியாகிறது!

மக்கள் தாங்களே இந்த இலக்கணத்தை மாற்றிய தருணமும் உண்டு. 'காணாமல் போனவர்' என்பது தன்வினை. அவராகவே எங்கோ போய்த் தொலைந்ததுபோல. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்து போராடிய தாய்மார் பக்கம் ஓங்கி ஒலித்த சொல் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. ஒரு துணைவினையை மாற்றி, மறைந்திருந்த எழுவாயை நோக்கி விரல் நீட்டினார்கள். எந்தப் புலவர் சபையும் செய்யாத இலக்கணப் பணி.

6

மிஷேல் ஃபூக்கோ 1976இல் வந்த தன் பாலியல் வரலாற்றின் முதல் தொகுதியில் பாவ சங்கீர்த்தனத்தை ஆராய்ந்தார். அங்கே அதிகாரம் பேசுகிறவரிடம் இல்லை. கேட்டு மன்னிக்கிறவரிடம் இருக்கிறது என்பது அவர் வாதம். புகலிட நேர்முகம் அதன் நவீன அலுவலக வடிவம். வதைத்த அரசும் வாக்குமூலம் கேட்டது. காப்பாற்றும் அரசும் வாக்குமூலம் கேட்கிறது. மேசையும் நாற்காலியும் ஒரே மாதிரிதான். காவலில் வாய் திறக்காமல் உயிர் பிழைத்தவரை இங்கே வாய் திறந்து உயிர் பிழைக்கச் சொல்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் முதல் தடவையில் சொல்லாமல் விடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? பிறகு சொன்னால், 'ஏன் அப்போதே சொல்லவில்லை?'

வந்த பாதையும் நம்பகத்தன்மைக் கணக்கில் சேர்கிறது. புகலிடம் கேட்டு வருவதற்கென்று பிரிட்டனில் ஒரு விசா கிடையாது. மண்ணில் கால் வைத்த பிறகுதான் கேட்க முடியும். 1987 பிப்ரவரியில் ஹீத்ரூ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் சிலர் ஆடை களைந்து நின்று எதிர்த்தார்கள். அதே ஆண்டு, சரியான தாளில்லாத பயணியை ஏற்றிவந்த நிறுவனத்துக்கு ஆளுக்கு 1000 பவுண்ட் அபராதம் என்று சட்டம் வந்தது. நேர்வழி அடைபட்டால் ஏஜென்சிக்காரர் வழிதான். 2004ஆம் ஆண்டுச் சட்டமோ, தகுந்த விளக்கமில்லாமல் பாஸ்போர்ட்டைக் காட்டாதது, அழித்தது, இடையில் பாதுகாப்பான நாட்டில் புகலிடம் கேட்காமல் வந்தது ஆகியவற்றை நம்பகத்தன்மையைக் குறைக்கும் நடத்தையாகக் கொள்ளச் சொல்கிறது. கதவைப் பூட்டிவிட்டு, ஜன்னல் வழியாக வந்தவனை 'நீ ஏன் கதவு வழியாக வரவில்லை?' என்று கேட்பது இது.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் (2001) பிரான்சில் புகலிடம் கேட்கும் விண்ணப்பத்தின் வடிவத்தில் தொடங்குவதை நம் விமர்சகர்கள் உத்தி என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அது உத்தியாகத் தெரியவில்லை. ஒரு தலைமுறைத் தமிழர்கள் தங்கள் வாழ்க்கையை முதன்முதலாக எழுத்தில் வைத்த வடிவமே அதுதான். கவிதை, சிறுகதையெல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே எழுதத் தெரிந்தவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. கேஸ் 'சோடித்து' தருவது அல்ல அந்த வேலை. அது பிடிபட்டால் அந்த ஆள் மட்டுமல்ல, அடுத்து வருகிறவரும் நாசமாகிறார். சொல்லுகிறவர் தன் பேச்சுத் தமிழில் முழுக்கச் சொல்லட்டும், முதலில் அதை அப்படியே எழுதி வைப்போம். உறவுச் சொல் வருமிடத்தில் 'பெரியப்பாவின் மகன், அண்ணா என்று அழைப்பேன்' என்று விரித்து எழுதுவோம். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதி, எந்தச் சம்பவத்துக்கு முன், எதற்குப் பின் என்று சொல்வோம். எழுவாய் விடுபட்ட இடத்தில் நிறுத்திக் கேட்போம்; சொல்லப் பயமென்றால் அந்தப் பயத்தையும் எழுதுவோம். விசாரணைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி, பிழை இருந்தால் முடிவு வருவதற்கு முன்பே வக்கீல் மூலம் எழுத்தில் திருத்தச் சொல்வோம். பெண்கள் பெண் அதிகாரியையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். யாழ்ப்பாணத் தமிழோ மலையகத் தமிழோ புரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். இவை சலுகைகள் அல்ல.

7

பிரிட்டனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் வாசலைப் பார்க்காமல் போவது அயோக்கியத்தனம். இந்தியா 1951 ஒப்பந்தத்திலும் 1967 துணை ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. 1983 முதல் கடல் தாண்டி வந்தவர்கள் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ்தான் இருந்தார்கள். 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025இல் புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் வந்தபோதும் அகதி என்ற வரையறை அதில் வரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எண்ணியது, இலங்கையை விட்டுவிட்டது. 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியதில் ஒரு மரியாதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முகாமில் பிறந்து, முகாமில் கல்யாணமாகி, முகாமில் பிள்ளை பெற்றவரிடம் 'உனக்கு ஏன் திரும்பிப் போகப் பயம்?' என்று சட்டப்படி கேட்டுப் பதிலை எடைபோட ஒரு மேசைகூட இங்கே கிடையாது. அங்கே கதையை நம்ப மறுக்கிறார்கள். இங்கே கதையைக் கேட்கவே மறுக்கிறோம். தலையை எண்ணுகிறோம், பணக்கொடை தருகிறோம், கையெழுத்து வாங்குகிறோம். அவ்வளவுதான்.

தொல்காப்பியத்துக்கும் ஜெனீவாவுக்கும் வித்தியாசம் உண்டு என்றேனே, அது இதுதான். மெய்ப்பாட்டியலை முடிக்கும்போது தொல்காப்பியர் பொறுப்பைக் காண்பவர் மேல் வைக்கிறார்: கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரும் ஆற்றல் உள்ளவர்களுக்கே மெய்ப்பாடு பிடிபடும், மற்றவர்களுக்குப் பிடிபடாது என்பது அவர் கருத்து. அச்சம் தெரியவில்லை என்றால் அச்சப்பட்டவரைச் சந்தேகிப்பதற்கு முன் பார்த்தவரின் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும். புகலிடச் சட்டம் இதைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறது. உணரத் தவறியவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை, உணர்த்தத் தவறியவருக்கு நாடுகடத்தல். அந்தச் சட்டத்தை மாற்றும் சக்தி நம்மிடம் இல்லை. ஆனால் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாமில் இருக்கிறவரின் வாக்கியத்தில் எழுவாய் எங்கே போயிற்று என்று கவனிக்கிற காது நமக்கு இருக்கிறதா? நாற்பது வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.